மேற்கூரைக் காரை ஏன் பெயர்ந்து விழுகிறது?

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில் ஒரு நாள் விடியற்காலை சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. கிரைண்டருக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில், அத்தை தினமும் நின்று காபி போடும் அதே இடத்தில். அன்றைக்குப் பால்காரர் கொஞ்சம் தாமதமாக வந்ததால் அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் போய்ப் பார்த்தபோது அந்தத் துண்டு விழுந்த இடத்திலேயே கிடந்தது. தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் வெள்ளை பெயிண்ட், மறுபக்கம் கம்பி பதிந்திருந்த தடம் ஒரு வாய்க்கால் மாதிரி நீளமாக, உள்ளே முழுக்கச் செம்பழுப்பு. ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் வெளியே தெரிந்த கம்பியை விரலால் தொட்டேன். அப்பளம் நொறுங்குவது போல அடுக்கடுக்காக உதிர்ந்து கண்ணில் விழுந்தது.

"பூச்சு சரியில்லடா தம்பி, போன தடவை வந்த ஆளு சிமென்ட்டைக் கம்மியா போட்டுட்டான்" என்றார் அத்தை.

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள். பூச்சு கெட்டுவிட்டது, ஓதம் ஏறிவிட்டது, கொத்தனார் ஏமாற்றிவிட்டார். உடனே ஓர் ஆளைக் கூப்பிட்டு, பள்ளத்தில் கலவையை அப்பி, மேலே பெயிண்ட் அடித்தால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். அத்தை வீட்டில் ஆறு வருடத்தில் இரண்டு முறை அப்படித்தான் அடைத்திருந்தார்கள். விழுந்தது என்னவோ பூச்சும் அதோடு ஒட்டிய கான்கிரீட்டும்தான், ஆனால் அதைத் தள்ளிவிட்டது உள்ளே இருக்கும் கம்பி. கம்பி துருப்பிடித்து வீங்கி, தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உடைத்து வெளியே தள்ளுகிறது. மழைக்காலம் வந்தால் பள்ளிக்கூடத்திலோ பழைய குடியிருப்பிலோ மேற்கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால், எந்தச் செலவு உபயோகம், எந்தச் செலவு வீண் என்று நீங்களே முடிவு செய்துவிடலாம். அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

கம்பி எதற்கு?

ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு முனையிலும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள், லேசில் உடையாது. அதையே வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். கான்கிரீட்டும் அப்படித்தான். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது, அழுத்தத்தில் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவையில் தாங்கும். இரண்டு சுவர்களுக்கு மேல் கிடக்கும் ஒரு கூரைத் தளம் தன் எடையாலேயே நடுவில் மிக லேசாகக் கீழ்நோக்கி வளைகிறது. வளையும்போது மேல்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்கத்தான் அடிப்பக்கத்தில் இரும்புக் கம்பி. நாம் அண்ணாந்து பார்க்கும் சீலிங்குக்கு இரண்டு விரல்கடை மேலே, சில வீடுகளில் அதைவிடவும் குறைவான தூரத்தில், கூரையைத் தாங்கும் முக்கியமான கம்பிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. காரை எப்போதும் நம் தலைக்கு மேலேயே பெயர்வதற்குக் காரணம் இதுதான்.

சன்ஷேடும் பால்கனியும் இதற்கு நேர் எதிர். ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு, மறுபக்கம் அந்தரம் என்பதால் அங்கே மேல்பக்கம்தான் இழுபடும், முக்கியக் கம்பியும் மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இரும்பும் கான்கிரீட்டும் இப்படி ஒன்றாக வேலை செய்வது ஓர் அதிர்ஷ்டம். வெயிலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் விரிகின்றன, அதனால் ஒன்றை ஒன்று பிய்த்துக்கொள்வதில்லை. 1867-ல் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் பூந்தொட்டி உடையாமல் இருக்க சிமென்ட்டுக்குள் இரும்பு வலை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நம் ஊரில் ஒற்றை அறை வீடு முதல் மேம்பாலம் வரை அந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது.

கம்பிக்குக் காவல் யார்?

சரி, இரும்பைத் திறந்த வெளியில் போட்டால் ஒரு மழைக்குத் துருப்பிடிக்கிறது. கான்கிரீட்டுக்குள் ஈரமும் காற்றும் கொஞ்சமாவது இருக்கத்தானே செய்யும், அங்கே மட்டும் ஏன் நாற்பது ஐம்பது வருடம் துருப்பிடிக்காமல் இருக்கிறது? கான்கிரீட் கெட்டியாக மூடியிருப்பதால் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிக் காரணம்தான்.

சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உள்ளே நிறைய சுண்ணாம்பு உண்டாகிறது. அதனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் கடுமையான காரத்தன்மையோடு இருக்கும், பிஎச் அளவில் சொன்னால் 12.5-க்கும் மேலே. அந்தக் காரத்தில் கிடக்கும் இரும்பின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய படலம் படிகிறது. ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. அந்தப் படலம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது, கான்கிரீட் ஈரமாக இருந்தாலும்கூட. உங்கள் வீட்டுக் கூரை நிற்பதில் அந்தப் படலத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அந்தப் படலத்தை அழிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காற்று, இன்னொன்று உப்பு.

காற்றில் இருக்கும் கரியமில வாயு நுண்துளைகள் வழியாக மெதுவாக உள்ளே போய் அங்கிருக்கும் சுண்ணாம்போடு சேருகிறது. சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது, காரத்தன்மை இறங்குகிறது, பிஎச் 9-க்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ வந்துவிடுகிறது. இந்த மாற்றம் வெளிப்பரப்பில் தொடங்கி உள்ளே உள்ளே நகர்ந்து, ஒரு நாள் கம்பியைத் தொடும். அன்றைக்குப் படலம் போய்விடும். அதன் பிறகு ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துரு ஆரம்பம்.

இதே மாற்றம்தான் சுண்ணாம்புச் சுவரை உறுதியாக்குகிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரும், மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையும் வருடம் ஆக ஆக இறுகிக்கொண்டே போனது இப்படிக் காற்றைக் குடித்துத்தான். அங்கே உள்ளே கம்பி இல்லை, அதனால் காரம் போனால் கவலையில்லை. "அந்தக் காலத்துக் கட்டடம் நூறு வருஷம் நிக்குது, இப்ப கட்டுறது முப்பது வருஷத்துல விழுது" என்று பெரியவர்கள் சொல்லும்போது நாம் தரத்தை மட்டும் யோசிக்கிறோம். தரமும் ஒரு விஷயம்தான், ஆனால் உள்ளே இரும்பு இருக்கிறதா இல்லையா என்பது அதைவிட அடிப்படையான வித்தியாசம்.

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் ஃபீனால்ஃப்தலீன் சொட்டுவிட்டு இளஞ்சிவப்பு வந்ததும் பியூரெட்டை மூடியது நினைவிருக்கிறதா? அதே திரவம் இங்கேயும் உதவுகிறது. அத்தை வீட்டைப் பார்க்க வந்த பொறியாளர், கூரையில் புதிதாக உடைத்த இடத்தில் அதைத் தெளித்தார். ஆழத்தில் சட்டென்று பளிச்சென்று இளஞ்சிவப்பு ஏறியது. வெளிப்பக்கம் ஒரு பட்டை மட்டும் நிறமே மாறாமல் சாம்பலாக இருந்தது. நிறம் வந்த இடத்தில் காரம் உண்டு, வராத இடத்தில் இல்லை. கம்பி அந்தச் சாம்பல் பட்டைக்குள் முழுசாக மாட்டிக்கொண்டிருந்தது. அத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார், அதற்குப் பிறகு கொத்தனாரைக் குறை சொல்லவே இல்லை.

உப்பு செய்வது வேறு வேலை

காற்று உள்ளே வர வருடக்கணக்கில் ஆகும். உப்பு அவ்வளவு பொறுமையாக இருக்காது. உப்பில் இருக்கும் குளோரைடு, காரத்தன்மை குறையாமல் இருந்தால்கூட, அந்தப் படலத்தை அங்கங்கே குத்தி ஓட்டை போடும். ஓட்டை விழுந்த புள்ளியில் துரு ஆழமாக, குழி குழியாக இறங்கும். வெளியே பெரிய வெடிப்பே தெரியாமல் உள்ளே கம்பி ஓரிடத்தில் ஊசி மாதிரி மெலிந்துபோக வாய்ப்பு உண்டு. இன்னொரு சங்கடம், இந்த வேலையில் குளோரைடு செலவாவதில்லை. ஓரிடத்தைக் கெடுத்துவிட்டு அப்படியே இருந்து அடுத்ததையும் கெடுக்கும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? கடலோர ஊர்களில் காற்றிலேயே வருகிறது, சன்னல் கம்பியையும் சைக்கிள் சங்கிலியையும் பார்த்தாலே தெரியும். பாம்பனில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் காப்பாற்ற இடைவிடாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அது வெளியே தெரியும் இரும்பு, அதனால் பெயிண்ட் அடிக்க முடிந்தது. கூரைக்குள் இருக்கும் கம்பிக்கு அப்படி அடிக்க வழியில்லை. இதைவிட மோசம், நாமே உப்பைக் கலந்து உள்ளே வைப்பது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று தெரிந்தும் "கலவைக்குத்தானே, குடிக்கவா போறோம்" என்று ஊற்றிவிடுவார்கள். இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை விடுகிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரமே உப்பு யாரைக் கெடுக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

ரூஃப் போட்ட அந்த ஒரு நாள்

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், குறிப்பாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள். இருபது வருடம் கழித்து விழும் காரையின் கதை பெரும்பாலும் ரூஃப் கான்கிரீட் போடும் அன்றைக்கும் அதற்கு அடுத்த இரண்டு வாரத்திலும் எழுதப்பட்டுவிடுகிறது.

முதலில் கவர். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவில் இருக்கும் கனத்தைத்தான் கவர் என்பார்கள். வீட்டுத் தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் வேண்டும், கடற்காற்று நேராகப் படும் இடமென்றால் விதி 45 வரை கேட்கிறது. கம்பியைக் கட்டி முடித்ததும் அடியில் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு கட்டை சில ரூபாய்தான், ஒரு வீட்டுக்கு வேண்டிய மொத்தக் கட்டைக்கும் ஆகும் செலவு அன்றைக்கு வேலையாட்களுக்கு வாங்கும் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் நிறைய இடங்களில் கையில் கிடைத்த ஜல்லியை அடியில் தள்ளிவிடுவார்கள். மேலே ஆட்கள் பாண்டு தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஜல்லி உருண்டு ஓடிவிடும், கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடித்திருக்கும் சென்ட்ரிங் ஷீட்டில் கம்பி போய்ப் படுத்துக்கொள்ளும். சென்ட்ரிங் பிரித்த அன்றைக்கே சில கூரைகளில் கம்பியின் நிழல் கோடு கோடாகத் தெரியும். அதன் மேல் பூசி மறைத்துவிட்டு வீட்டைக் கொடுத்துவிடுவார்கள்.

"20-க்குப் பதில் 10 இருந்தா என்ன, பாதி ஆயுசு வருமில்ல" என்று தோன்றும். வராது, கால்வாசிதான் வரும். காரத்தன்மை போகும் எல்லை உள்ளே நகர நகர அதன் வேகம் குறைந்துகொண்டே போகும். இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு காலம் பிடிக்கும். ஆக 20 மில்லிமீட்டரைக் கடக்க 40 வருடம் எடுக்கும் கான்கிரீட்டில், 10 மில்லிமீட்டரைக் கடக்க 10 வருடம் போதும். 10 மில்லிமீட்டர் குறைத்ததில் முப்பது வருடம் காணாமல் போகிறது. இந்தக் கணக்கைக் கட்டட வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

சன்ஷேடு, பால்கனி விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும் என்றேன் அல்லவா, கான்கிரீட் போடும்போது ஆட்கள் அந்தக் கம்பியின் மேல் மிதித்து நடப்பதால் அது கீழே இறங்கிவிடும். இறங்கினால் அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். மேல்பக்கம் மயிரிழை வெடிப்பு விடும், மழைத் தண்ணீர் அங்கேயே நின்று இறங்கும். சமையலறைக் கூரை பெயர்ந்தால் துண்டு துண்டாகப் பெயரும், சன்ஷேடு பெரும்பாலும் முழுசாக முறிந்து விழும்.

அப்புறம் தண்ணீர். கலவை இளக்கமாக இருந்தால் அள்ளிப் போடவும் பரப்பவும் சுலபம், அதனால் கேட்கும்போதெல்லாம் இன்னொரு பக்கெட் ஊற்றிவிடுவார்கள். ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல கான்கிரீட், மணலிலும் ஜல்லியிலும் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. சிமென்ட் இறுகுவதற்கு உண்மையில் தன் எடையில் கால்பங்குத் தண்ணீர்தான் எடுத்துக்கொள்ளும். மீதி மெதுவாக ஆவியாகிப் போகும், போன இடமெல்லாம் நுண்துளை. கரியமில வாயுவும் உப்பும் ஈரமும் உள்ளே வருவது அந்தத் துளைகள் வழியாகத்தான்.

கடைசியாகக் கியூரிங், அதாவது புதுக் கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது. நம் ஊர் வெயிலில் புதுத் தளம் ஒரே நாளில் வறண்டுவிடும், வறண்டால் மேல்பரப்புச் சிமென்ட் பாதி வேலையோடு நின்றுவிடும். இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைப் பெரும்பாலோர் செய்கிறார்கள். தூணையும் பீமையும்தான் மறந்துவிடுகிறார்கள், அதற்கு ஈரச் சாக்கைச் சுற்றி அது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு தடவை ஹோஸ் பிடித்துவிட்டுப் போவது கியூரிங் ஆகாது.

வீடு கட்டி முடித்த பிறகு

கட்டும்போது நடந்த தவறு விதை என்றால், அதை முளைக்க வைப்பது பிறகு வரும் கசிவு. காரம் போய்விட்ட கான்கிரீட்கூட வறண்டே இருந்தால் கம்பி சட்டென்று துருப்பிடிக்காது. முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியே இருந்தாலும் ஆக்சிஜன் கிடைக்காமல் மெதுவாகத்தான் நடக்கும். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் இடம்தான் மிகவும் மோசம். வீட்டில் அப்படிப்பட்ட இடங்களை யோசித்துப் பாருங்கள், குளியலறைக்குக் கீழே இருக்கும் கூரை, சன்ஷேடு, மாடிப்படியின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட மூலை. காரை முதலில் பெயர்வது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சன்ஷேடில் வருடக்கணக்கில் விழுந்துகொண்டே இருப்பதையும் இப்போது சேர்த்துக்கொள்ளலாம். அத்தை வீட்டில் காரணம் மேலே இருந்த தொட்டி. நிரம்பி வழிவது தினமும் நடந்தது, தட்டோட்டின் இடுக்குகள் விட்டுப்போயிருந்தன, சமையலறைக் கூரை அதற்கு நேர் கீழே.

துரு என்ன செய்கிறது

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகுகிறது. கான்கிரீட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது. சுற்றியிருப்பதை நெருக்கித் தள்ளும், கான்கிரீட் இழுவையைத் தாங்காது என்பதால் சீக்கிரமே வெடிக்கும். முதலில் பழுப்புக் கறை வரும், பிறகு கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோட்டில் ஒரு வெடிப்பு. பூச்சில் கன்னாபின்னாவென்று வலைபோலத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும். நேராக, சம இடைவெளியில், நீளமாக ஓடினால் அது கம்பி பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் குச்சியால் தட்டினால் கெட்டியான ஒலி வராது, காலிப் பானையைத் தட்டுவது போலப் பொள்ளென்று கேட்கும். அதற்கு அடுத்தது விழுவது. வெடித்த பிறகு ஈரமும் காற்றும் தடையில்லாமல் உள்ளே போவதால் எல்லாமே வேகமாகும். இருபது வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்த கூரை அடுத்த மூன்று நான்கு வருடத்தில் பல இடங்களில் பெயர்வது அதனால்தான்.

கம்பிக்கு என்ன ஆகிறது? வீட்டுத் தளங்களில் 8 மில்லிமீட்டர் கம்பி சாதாரணம். அது சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் துருவாக உதிர்ந்தால் 6 மில்லிமீட்டர் கம்பியாகிவிடும். பார்வைக்குக் கால்பங்குதான் மெலிந்திருக்கும், ஆனால் குறுக்குவெட்டைக் கணக்கிட்டால் 44 சதவீதம் போயிருக்கும். பலமும் அந்த அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு கான்கிரீட் கம்பியைக் கவ்விப் பிடித்திருந்த பிடியும் விட்டுப்போகிறது.

இதன் பெரிய வடிவத்தை 2018 ஆகஸ்டில் இத்தாலியின் ஜெனோவா நகரம் பார்த்தது. 1967-ல் திறந்த மொராண்டி பாலத்தில், தாங்கும் எஃகு வடங்கள் கான்கிரீட் உறைக்குள் இருந்தன. உள்ளே அரித்தது வெளியே தெரியவில்லை. பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். நம் வீட்டுக் கூரை அப்படி ஒரேயடியாக இறங்குவது அபூர்வம், ஆனால் தூங்கும் குழந்தையின் மேலோ வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மேலோ விழுவதற்கு முழுக் கூரையும் வேண்டியதில்லை, இரண்டு கையால் தூக்கும் அளவு ஒரு துண்டு போதும். வாடகைக்கு இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கவலை. "மழை முடியட்டும், பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்வார், கட்டிலை மூலைக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள்.

என்ன செய்யலாம்

பெயர்ந்த இடத்தில் வெறும் சிமென்ட் பூச்சை அப்புவதால் பயன் இல்லை. உள்ளே துரு அப்படியே இருக்கிறது, வீங்கிக்கொண்டுதான் இருக்கும். சில இடங்களில் நிலைமை இன்னும் கெடும். துரு என்பது ஒரு சின்ன பேட்டரி போல நடக்கும் வேலை, கம்பியின் ஒரு பகுதி கரையும், இன்னொரு பகுதி தப்பித்துக்கொள்ளும். நீங்கள் கரைந்த இடத்தில் மட்டும் புதுக் காரக் கலவையை வைத்தால், இதுவரை தப்பித்திருந்த பக்கத்து இடம் கரையத் தொடங்கும், உப்பு ஏறிய கூரையில் இது அதிகம். அத்தை வீட்டில் ஒவ்வொரு முறையும் பழைய ஒட்டுக்கு ஒட்டினாற்போல பக்கத்தில் பெயர்ந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கூரை கெட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் கறையும் வெடிப்பும் கண்ணில் படாமல் போய்விடும்.

முதல் வேலை கசிவை நிறுத்துவது, அதைச் செய்யாமல் கீழே எது செய்தாலும் நிற்காது. பிறகு பொள்ளென்று கேட்கும் இடம் முழுவதையும், நல்ல கான்கிரீட் வரும்வரை, கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு உடைத்தெடுக்க வேண்டும். உடைப்பதற்கு முன் அடியில் முட்டுக் கொடுப்பது அவசியம். கம்பியைக் கம்பி பிரஷ் போட்டுப் பளபளப்பு தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, பழைய கான்கிரீட்டோடு ஒட்டுவதற்கான திரவம் தடவி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். அதற்கும் கியூரிங் உண்டு. எந்தக் கம்பியை வைத்துக்கொள்ளலாம், எதற்குப் புதுசு சேர்க்க வேண்டும் என்பதைக் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தடவைப் பார்வைக்கு ஆகும் கட்டணத்தை நினைத்துத் தயங்குகிறவர்கள் அதைவிடப் பல மடங்கை ஒட்டுப் பூச்சிலேயே செலவழித்திருப்பார்கள்.

தூணிலோ பீமிலோ வெடிப்பு வந்தால், அல்லது ஒரு வெடிப்பு நாளுக்கு நாள் அகலமானால், யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். 2021 டிசம்பரில் சென்னை திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை. அங்கே இடிந்த காரணம் என்ன என்பதற்குள் நான் போகவில்லை. விரிசலைப் பார்த்ததும் அங்கிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு இறங்கியதால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அத்தை வீட்டுச் சமையலறை வேலை முடிந்து ஈரச் சாக்குக் கட்டியிருந்த நாட்களில், விளக்குமாற்றுக் கட்டையை எடுத்துக்கொண்டு நானும் அத்தையும் வீடு முழுக்கக் கூரையைத் தட்டிக்கொண்டே நடந்தோம். கூடம் கெட்டியாகக் கேட்டது. அத்தை படுக்கும் அறையும் பரவாயில்லை. குளியலறை வாசலுக்கு மேலே ஒரு முழம் நீளத்துக்குப் பொள்ளென்று கேட்டது. பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறோம். தொட்டியில் மிதவை வால்வு மாட்டியாயிற்று, அடுத்த வாரம் அந்த வட்டத்தை உடைக்க ஆள் வருகிறார்.